நிலைப்படியும் ரம்பமும்

டிசம்பர் 1, திங்கள்

பிரஷர் 140/90. காலை மாத்திரை கொடுத்தாயிற்று.

கௌரிசங்கர் இந்த டைரியை வாங்கிக் கொடுத்தது இதை எழுதுவதற்குத்தான். "அப்பாவோட பிரஷர், சுகர், மாத்திரை நேரம் எல்லாத்தையும் தினமும் எழுதி வைம்மா" என்று சொல்லிவிட்டு நேற்று ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்விட்டான். எழுதிவிட்டேன். மிச்சப் பக்கம் என்னுடையது. வயிறு எரிகிறது, அதை எங்கே எழுதுவது?

நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் செல்போனில் படம் காட்டினான். பெங்களூருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம். புல்தரை, மீன் தொட்டி, வெள்ளை உடையில் சிரிக்கிற பெண்கள். அப்பா அங்கே இருக்கட்டும், நீ எங்களோடு இரு, இந்த வீட்டை விற்றுவிடலாம் என்றான். வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமாம். கட்டின புருஷனை வாரா வாரம் போய்ப் பார்க்கச் சொல்கிறான் நான் பெற்ற பிள்ளை.

அவன் சொல்வது முழுக்க அபத்தம் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். புரட்டாசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு வலது கையும் வலது காலும் வெறும் பாரம். அவன் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி கூடத்தைத் தாண்டாது. வீட்டில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு படி. பாத்ரூம் கொல்லையில். தூக்கிக்கொண்டு போக இரண்டு ஆள் வேண்டும். அதனால் கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். வாசலுக்கு வெளியே இருக்கும் தெருவை இவர் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"நீ ஒருத்தியா அப்பாவைக் குளிப்பாட்டி, தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போயிருவியா? சொல்லும்மா" என்றான்.

"பொங்கலுக்கு வந்து பாரு. தனியா செஞ்சு காட்டுறேன். முடியலைன்னா நீ சொல்ற இடத்துல வந்து உக்காந்துக்கிறோம்" என்றேன்.

கோபத்தில் வந்த வார்த்தை. வந்தது வந்ததுதான்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "வேணாம்" என்றார். எது வேணாம் என்று யாருக்குத் தெரியும்? பக்கவாதம் இவர் வாயில் விட்டுவைத்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். காபி கொடுத்தாலும் "வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் குடிக்கிறார்.

டிசம்பர் 2, செவ்வாய்

கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு விட்டேன். வந்து பார்த்தார். எல்லா வீட்டிலும் பொங்கல் வேலை நடக்கிறது, தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்தால் எனக்கு எதற்கு நீங்கள் என்று மனதுக்குள் சொல்லி அனுப்பிவிட்டேன். அதுவும் சரிதான். தனியா என்று சொல்லியிருக்கிறேன்.

இவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். கட்டிலுக்கு அடியில் பச்சைத் தகரப் பெட்டி, அதற்குள் சகல கருவியும். அதன் சாவி இவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். கல்யாணமான புதிதில் இவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நான் தேங்காய் கீறிவிட்டேன் என்று போட்ட பூட்டு. பல்பு மாற்றக்கூட இவர் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்று உடம்பு துடைக்கும்போது கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "வேணாம்" என்றார். "வேணாம்னா எந்திரிச்சு வந்து நீங்களே செய்யுங்க" என்றேன். சொன்ன பிறகு கஷ்டமாக இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பித் தரவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பாத்ரூமில் கைப்பிடி மாட்டியாயிற்று. அமிர்தலிங்கத்தின் பெண்டாட்டி டிரில் பிடித்தாள் என்று தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஹார்டுவேர் கடை பாய் கைப்பிடியை எடுத்துக் கொடுக்கும்போதே யார் மாட்டப் போவது என்று கேட்டார். நான்தான் என்றதும் ரப்பரில் ஒட்டுகிற மாதிரி ஒன்றைக் காட்டி, இது சுலபம்மா என்றார். துண்டு தொங்கவிட அது போதும். இவர் எண்பது கிலோ. ஸ்டீல் பைப்பாகவே வாங்கி வந்தேன்.

நாற்காலியைக் கொல்லை வாசலில் நிறுத்தினால் எதிரே பாத்ரூம் தெரியும். இவரை அங்கே உட்கார்த்தி வைத்துவிட்டு வலப்பக்கச் சுவரில் பென்சிலால் குறி வைத்தேன். "வேணாம்." எனக்கு அந்தப் பக்கம்தான் வசதி என்றேன். "வேணாம், வேணாம்" என்று நாற்காலியின் கையில் தட்டினார். அப்புறம்தான் உறைத்தது. உயிருள்ள கை இடது கை, பிடியும் இடது பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? இடப்பக்கம் குறி வைத்தேன். சத்தம் இல்லை.

டைலில் ஓட்டை போடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு எழுதி வைக்கிறேன். குறி வைத்த இடத்தில் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினால் டிரில் முனை வழுக்காது. டைலைத் தாண்டும்வரை, அடித்துத் துளைக்க வைக்கிற சுத்தியல் பொத்தானைப் போடவே கூடாது, மெதுவாக வெறுமனே சுற்ற விட வேண்டும். செங்கல் தூள் சிவப்பாகக் கொட்ட ஆரம்பித்ததும் பொத்தானைப் போட்டு அழுத்தலாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால் முதல் டைலை உடைத்துத்தான் தெரியும்.

ஒரு ஓட்டை பெரிதாகிவிட்டது, பிளாஸ்டிக் ஆப்பு உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. தீக்குச்சிகளைத் தலை கிள்ளி இடுக்கில் சொருகி அடித்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. இவர் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் இது எண்பது கிலோ ஆயிற்றே. ராத்திரி சோறு இறங்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு நாளைக்கு ஒரு சுற்றுப் பெரிய ஆப்பு வாங்கி வந்து அடிக்கப் போகிறேன்.

டிசம்பர் 6, சனி

பெரிய ஆப்பு அடித்தாயிற்று. நானே கைப்பிடியில் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. வலது தோளைத் தூக்க முடியவில்லை. பிரஷர் எழுத மறந்துவிட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டியிருந்த மேட்டை உளியால் உடைத்தேன். கொல்லை வாசல் படிக்கு இரண்டு பக்கமும் சிமென்ட்டால் சரிவு போட்டேன். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல். பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் புதுக் கலவையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்துவிடும். கலவை குழைக்கும்போது இவர் "வேணாம்" என்று ஒரு முறை சொன்னார். தண்ணீர் கூடிப்போயிருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

இன்று குளித்தார்.

நான் ஒருத்தி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடத்திலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து பாத்ரூம். பிடியை இடது கையால் பிடித்து எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் மாறி உட்கார்ந்தார். தலையில் வெந்நீர் ஊற்றினேன். சொம்பு சொம்பாக ஊற்ற ஊற்றக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எனக்கு அழுகை வந்தது, வந்தால் என்ன? தலையில் தண்ணீர் ஓடும்போது இவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி முதல் நாள்.

வாசலில் சரிவு கட்ட ஆரம்பித்தேன். வீட்டுத் தளம் தரையிலிருந்து ஒரு அடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும், குறைத்தால் தள்ளுகிறவள் மூச்சு போய்விடும். நல்ல காலம், கேட்டு வரைக்கும் அவ்வளவு இடம் இருக்கிறது. இரண்டு ஓரமும் செங்கல், நடுவில் உடைத்த கல்லும் மண்ணும் போட்டுத் திமிசுக்கட்டையால் குத்தி இறுக்கி, மேலே காங்கிரீட். வழுவழு என்று பூசக் கூடாது. ஈரம் காயும் முன் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்தால் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கும்.

கோலம் போடுகிற இடம் போய்விடும். சரிவுக்குப் பக்கத்தில் சின்னதாகப் போட்டுக்கொள்வேன்.

லால்குடியிலிருந்து தையல் அண்ணி போன். தையல்நாயகி, இவருடைய அக்கா. மார்கழியில் கட்டட வேலை ஆரம்பிப்பார்களா என்று கேட்டார். பக்கவாதம் பஞ்சாங்கம் பார்த்தா வந்தது அண்ணி என்றேன். போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 24, புதன்

சரிவு முடிந்து, ஈரச்சாக்கு போட்டுத் தினம் தண்ணீர் ஊற்றி, இன்றைக்குச் சாக்கை எடுத்தேன். கேட்டிலிருந்து ஏறிப் பார்த்தேன், இறங்கிப் பார்த்தேன். எனக்கே திமிராக இருந்தது.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. வாசல் நிலைப்படி. தேக்கு. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குடிவந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி. இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் சரிவு, நடுவில் இந்தப் படி.

தையல் அண்ணி நேரிலேயே வந்துவிட்டார். தம்பி குளித்து, தலை வாரி, கொல்லை வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் தம்பியின் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் வாசலுக்கு வந்தார். நான் படியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அரசி, நிலைப்படியில மட்டும் கைய வச்சிராத. மகாலட்சுமி உக்காந்திருக்கிற இடம். படி அறுத்த வீடுன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நாளைக்கு விக்கணும்னாக்கூட ஒருத்தன் வந்து எட்டிப் பார்க்க மாட்டான்."

காபி போட உள்ளே போனேன். டிகாக்‌ஷன் இறங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி பெரியவர். அவர் சொல்லையும் மதிக்க வேண்டும். படியை அறுக்க வேண்டாம். மேலே பலகை போட்டுச் சரிவு செய்துகொள்ளலாம்.

டிசம்பர் 29, திங்கள்

பலகைச் சரிவு தயார். கூடத்துப் பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, இரண்டும் படியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் எடுத்துச் சாத்தி வைத்துவிடலாம். வெறும் நாற்காலியில் அரிசி மூட்டையை வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன், மகராசியாக இரு என்றார்.

ஜனவரி 2, வெள்ளி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று முதல் முறையாக இவரைத் தெருவுக்கு அழைத்துப் போகலாம் என்று காலையில் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் வழக்கம்போல நிலைப்படியைக் கழுவி, மஞ்சள் குழைத்துப் பூசினேன். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று இன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். பூசி, குங்குமம் வைத்து, அதன் மேலேயே பலகையைப் போட்டேன்.

ஈர மஞ்சள் மேல் பலகை. கிறுக்கச்சி கூடச் செய்ய மாட்டாள்.

நாற்காலியின் முன் சக்கரம் ஏறியதும் பலகை சரக்கென்று வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் குறுக்கே விழுந்து என் தோளைக் கொடுத்தேன். இவர் தலை நிலைக்கதவில் இடிக்காமல் போனது எந்தச் சாமி புண்ணியமோ. என் மேல் சாய்ந்தபடி, என் காதுக்குப் பக்கத்தில், "வேணாம் வேணாம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் மஞ்சள்.

எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டார். பையனுக்குச் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 3, சனி

கௌரிசங்கர் போன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். போகியன்று வருகிறானாம். கூடவே வீட்டைப் பார்க்க ஒரு புரோக்கரையும் வரச் சொல்லியிருக்கிறானாம், சும்மா ஒரு மதிப்புத் தெரிந்துகொள்ள. சும்மா.

ஜனவரி 5, திங்கள்

இரண்டு நாளாக யோசித்தேன். நாற்காலிக்காகத்தான் யோசித்தேன். வேறு எதற்கும் இல்லை. அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து இவர் காலடியில் வைத்துத் திறந்தேன். "நிலைப்படியை அறுக்கப் போறேன்" என்றேன். வேணாம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் கையில் எடுத்தது இரும்பு அறுக்கிற ரம்பம். அதைப் பார்த்ததும்தான் "வேணாம்" என்றார். குனிய முடியாமல் குனிந்து, இடது கையைப் பெட்டிக்குள் விட்டுத் துழாவி, மர ரம்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கைப்பிடிப் பக்கத்தை என்னிடம் காட்டி நீட்டினார். அந்தப் பெட்டியிலிருந்து இவர் எனக்கு ஒரு கருவியை எடுத்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

வாசலுக்கு வந்து படியைக் கழுவி மஞ்சளைச் சுத்தமாகத் துடைத்தேன். கற்பூரம் ஏற்றினேன். "தாயே, நீ உள்ள வர்றதுக்கும் இடறாம இருக்கும். கோவிச்சுக்காத. இவர் வெளிய போகணும்" என்றேன்.

அறுக்கும் முன்னால் நிலையின் இரண்டு கால்களும் சுவரில் இரும்புப் பிடி போட்டு இறுகியிருக்கின்றனவா என்று தட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் படியை எடுத்ததும் நிலை விரிந்து கதவு சாத்தாது. ரம்பத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் தேக்கில் சிக்காது. இரண்டு ஓரத்திலும் நிலைக்காலை ஒட்டி அறுத்தேன். தோள் கெஞ்சியது. கெஞ்சட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் படி கழன்று வந்துவிட்டது. அடியில் இருந்த பள்ளத்தில் சிமென்ட் போட்டு மட்டப்பலகையால் சமமாக்கினேன்.

அந்தத் தேக்குக் கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பூச்சி அரிப்பு இல்லை. இதைப் போய்ப் போகியில் போடுவார்களா?

ஜனவரி 9, வெள்ளி

கட்டையை இழைத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, வெளிச்சரிவை ஒட்டிய சுவரில் கைப்பிடியாக மாட்டிவிட்டேன். இந்த முறை ஆப்பு சரியான அளவு. வெள்ளிக்கிழமை ஆயிற்றே, மஞ்சள் குங்குமமும் வைத்தேன். கை படாத கோடியில், ஒரு பொட்டு அளவு. பட்ட அறிவு.

தையல் அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14, புதன். போகி.

காலையில் கௌரிசங்கர் ஆட்டோவில் வந்து இறங்கினான். கேட்டைத் திறந்ததும் சரிவைப் பார்த்துவிட்டு யார் கட்டினது என்றான். பச்சைப் பெட்டி என்றேன்.

காபிகூடக் கொடுக்கவில்லை. முதலில் பார், அப்புறம் காபி என்று சொல்லிவிட்டேன். அவனைக் கொல்லையில் நிற்க வைத்து, இவரை நான் ஒருத்தியாகக் கொண்டுபோய்க் குளிப்பாட்டிக் கூட்டி வந்தேன். அவன் இரண்டு தடவை கை நீட்டினான். இரண்டு தடவையும் முறைத்தேன். அப்புறம் வாசல். நாற்காலியைத் திருப்பி, நான் முன்னால் இறங்க, இவரைப் பின்பக்கமாக இறக்கினேன்.

"ஏம்மா பின்னால தள்ளுற?"

"முன்னால இறக்குனா குப்புற விழுவாரு. இதுகூடத் தெரியாம எப்படி நீ அந்த மீன் தொட்டி வீட்டுக்காரங்ககிட்ட கேள்வி கேட்டுருப்ப?"

சரிவு முழுக்க இவர் முகம் வீட்டைப் பார்த்தபடியே இருந்தது. இடது கை தேக்குக் கட்டையைத் தடவிக்கொண்டே வந்தது. தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் போகிப் புகை. எதிர்வீட்டுக்காரர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு இருமல் வந்தது, இருந்தும் உள்ளே வர மாட்டேன் என்று நாற்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் புரோக்கர் வந்தார். சரிவில் ஏறி வாசலுக்குப் போனவர் உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தார். நிலையின் இரண்டு காலையும் பார்த்தார். சுவரில் மஞ்சள் பொட்டோடு இருந்த கட்டையைப் பார்த்தார். இறங்கி வந்துவிட்டார்.

"தம்பி, நிலைப்படியை அறுத்துருக்காங்க. நம்ம ஆளுக இதைப் பார்த்தா வாசலோட திரும்பிருவாங்க. நிலையையே மாத்தி, பூஜை போட்டு, அப்புறம் பார்க்கலாம். இப்ப கொண்டாந்து காட்டுனா எம் பேருதான் கெடும்" என்றார். பொங்கல் வாழ்த்துகள் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கௌரிசங்கர் என்னைப் பார்த்தான். "தெரிஞ்சேதான் அறுத்தியாம்மா?"

"நாற்காலி போகணும்ல" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சரி, படியை விடு, உனக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வாய், அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று நீயே முடிவு செய்யலாமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கு முடியாத அன்று ஆள் வைத்துக்கொள்வேன், நீ வா, ஆனால் இந்த வீட்டுக்கு வா என்றேன். அவர் விருப்பத்தை அவரிடமே கேள் என்றேன்.

நடுத்தெருவில், நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான் பிள்ளை.

"அப்பா, பெங்களூருக்கு வர்றீங்களா?"

"வேணாம்."

"அவரு எல்லாத்துக்கும் அதைத்தாம்மா சொல்வாரு. காபிக்கும் அதேதான்."

உள்ளே போய் டம்ளரில் காபி கொண்டு வந்தேன். இவரிடம் நீட்டவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, "காபி வேணுமா?" என்று கேட்டேன். இத்தனை நாளும் ஒரு தடவைகூட இவர் வேறு பதில் சொன்னதில்லை.

வாயைத் திறந்தார். மூடினார். மகனை ஒரு பார்வை பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வார்த்தையை வெளியே விடாமல், இடது கையை நீட்டினார்.

கௌரிசங்கர் எழுந்து தெருக்கோடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, பொங்கல் முடிந்து ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புவதாகச் சொன்னான். சரிவில் ஒரு ஓரம் பூச்சு விட்டிருக்கிறது, அதைச் செய்து கொடுக்கிறேன், பூசுகிற கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

பச்சைப் பெட்டியின் சாவியை இவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். காலையில் குளிப்பாட்டியதும் அரைஞாண் கயிற்றிலேயே திரும்பக் கட்டிவிட்டேன்.

பிரஷர் 130/80.